நரம்பின் தூதைக் கண்டவர்

விளக்குகளை அணைத்து, சன்னல்களையும் அடைத்துவிட்ட ஓர் அறையில் ஒருவன் உறங்குகின்றான். அங்கே கடிகாரம் இல்லை. கோழி கூவும் ஒலியும் எட்டுவதில்லை. கதிரவனின் ஒளியும் புகுவதில்லை. ஆயினும், பொழுது புலரும் வேளை நெருங்க நெருங்க அவன் உடலின் வெப்பம் மெல்ல ஏறுகின்றது. இதயத் துடிப்பு விரைவு பெறுகின்றது. சிறிது நேரத்தில் அவன் கண் விழிக்கின்றான். பொழுது விடிந்ததை அவனுக்கு அறிவித்தவர் யார்? அவன் உடலுக்குள்ளேயே ஒரு கடிகாரம் இருக்கின்றது. அது மூளையின் அடிப்புறத்தில் அமைந்து, பகல் எது, இரவு எது என்று ஒவ்வோர் உறுப்புக்கும் அறிவித்துக்கொண்டேயிருக்கின்றது.

மூளையில் இருக்கும் கடிகாரத்தின் ஆணையை, மார்பில் இருக்கும் இதயம் எவ்வாறு அறிகின்றது? நரம்புகள் அதனைக் கொண்டு செல்கின்றன என்பது உண்மையே. ஆனால், நரம்பு முடியும் இடத்திலிருந்து அடுத்த உறுப்புக்கு அச்செய்தி எவ்வாறு தாவுகின்றது? அங்கே மிகச் சிறிய அளவில் சுரக்கும் இரசாயனப் பொருள்களே தூதுவர்களாக நின்று செய்தியைக் கையளிக்கின்றன. இவ்வுண்மையைச் சோதனையால் முதன்முதலில் நிலைநாட்டிய பெருமை ஓட்டோ லோவி என்னும் அறிஞரைச் சாரும்.

இளமையும் கல்வியும்

ஜெர்மனி நாட்டில் மெயின் ஆற்றங்கரையில் பிராங்க்பர்ட் என்னும் நகரம் உள்ளது. அந்நகரில், 1873-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 3-ஆம் நாள், யூதக் குடும்பம் ஒன்றில் லோவி பிறந்தார். அவர் தந்தையார் திராட்சை மது வாணிகம் செய்துவந்தார். பள்ளியில் பயின்ற காலத்தில் லோவி மொழிப் பாடங்களிலும் இலக்கியத்திலும் சிறந்து விளங்கினார். கணக்கும் பௌதிகமும் அவருக்கு எளிதில் வரவில்லை. பிற்காலத்தில் விஞ்ஞானத்தில் உலகப் புகழ் எய்தப்போகும் மாணவர் இவரே என்று அப்பொழுது எவரும் எண்ணியிருக்கமாட்டார்கள்.

ஓவியம், சிற்பம் முதலிய கலைகளின் வரலாற்றைக் கற்க வேண்டும் என்பதே இளைஞர் லோவியின் பேரவா. ஆனால், குடும்பத்தாரோ அவர் மருத்துவம் கற்க வேண்டும் என்று விரும்பினர். அவர்கள் விருப்பத்திற்கு இணங்கி, 1891-ஆம் ஆண்டு அவர் ஸ்திராஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவராகச் சேர்ந்தார். சேர்ந்தாரேயொழிய, மனம் அதில் ஒன்றவில்லை. மருத்துவ வகுப்புகளை விடுத்து, தத்துவம், கட்டடக் கலை ஆகியவற்றைப் பற்றிய சொற்பொழிவுகளைக் கேட்கச் சென்றுவிடுவார். அதனால் முதல் மருத்துவத் தேர்வில் தட்டுத்தடுமாறியே தேறினார்.

பின்னர், நல்லாசிரியர் சிலரின் தொடர்பு அவர் மனத்தை மாற்றியது. மருந்துகள் உடலில் எவ்வாறு செயற்படுகின்றன என்று ஆராயும் துறையை வளர்த்தவராகிய ஷ்மீடபெர்க் அவர்களுள் ஒருவர். அவரிடம் பயின்ற லோவி, உடலினின்று பிரித்தெடுத்த தவளையின் இதயத்தை ஆய்வுப் பொருளாகக் கொண்டு கட்டுரை எழுதி, 1896-ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். அன்று கையில் எடுத்த தவளையின் இதயமே பின்னொரு நாளில் அவருக்கு அழியாப் புகழைத் தேடித் தந்தது.

பட்டம் பெற்றபின் பிராங்க்பர்ட் நகர மருத்துவமனையில் அவர் பணியாற்றினார். காச நோயாலும் நுரையீரல் அழற்சியாலும் துன்புற்று மக்கள் பலர் அங்கு வந்தனர். அந்நாளில் அந்நோய்களைத் தீர்க்கும் மருந்து இல்லை. மருத்துவர்கள் அருகிருந்தும், நோயாளிகள் ஒருவர்பின் ஒருவராக மாண்டனர். இக்காட்சி லோவியின் உள்ளத்தை உருக்கியது. நோயின் முன் கைகட்டி நிற்பதைக் காட்டிலும், உடலின் இயக்கத்தை அடிப்படையிலிருந்து ஆராய்வதே தமக்கு ஏற்ற பணி என்று அவர் துணிந்தார். 1898-ஆம் ஆண்டு மார்பர்க் நகரில், ஹான்ஸ் ஹார்ஸ்ட் மேயர் என்னும் பேராசிரியரிடம் உதவியாளராக அமர்ந்தார்.

விடை காணாத வினா

1902-ஆம் ஆண்டு லோவி இங்கிலாந்து நாட்டிற்குச் சென்றார். உடலியல் ஆராய்ச்சியில் அந்நாடு அப்பொழுது தலைசிறந்து விளங்கியது. அங்கே ஹென்றி டேல் என்னும் இளம் ஆராய்ச்சியாளரின் நட்பு அவருக்குக் கிட்டியது. நாடுகள் இரண்டும் இருமுறை பெரும்போரில் எதிரெதிரே நின்ற காலத்தையும் கடந்து, அந்நட்பு வாழ்நாள் முழுவதும் நீடித்தது.

நரம்பின் வழியே மின் துடிப்பு ஓடுகின்றது என்பதை அறிஞர்கள் முன்னரே அறிந்திருந்தனர். ஆகவே, நரம்பின் முனையிலிருந்து உறுப்புக்கும் அம்மின்சாரமே பாய்கின்றது என்று பெரும்பாலோர் கருதினர். லோவிக்கோ ஓர் ஐயம் இருந்தது. இதயத்திற்கு இருவகை நரம்புகள் செல்கின்றன. வேகஸ் என்னும் நரம்பு தூண்டப்படும்பொழுது இதயம் மெதுவாகத் துடிக்கின்றது. மற்றொரு நரம்பு தூண்டப்படும்பொழுது விரைந்து துடிக்கின்றது. இரண்டிலும் ஓடுவது ஒரே வகையான மின் துடிப்பாயின், ஒன்று அடக்குவதும் மற்றொன்று முடுக்குவதும் எவ்வாறு? நரம்புகளின் முனைகளில் வெவ்வேறு இரசாயனப் பொருள்கள் சுரந்து இவ்வேறுபாட்டை உண்டாக்கக்கூடுமோ?

இக்கருத்து 1903-ஆம் ஆண்டிலேயே லோவியின் உள்ளத்தில் தோன்றியது. இங்கிலாந்தைச் சேர்ந்த எலியட் என்பவரும் 1904-ஆம் ஆண்டு இதனை ஒத்த கருத்தொன்றை வெளியிட்டார். ஆயினும், அதனை மெய்ப்பிக்கும் வழி எவருக்கும் புலப்படவில்லை. ஆண்டுகள் உருண்டோடின. லோவி வியன்னா நகருக்குச் சென்றார். 1908-ஆம் ஆண்டு கைடா என்னும் நங்கையை மணந்தார். 1909-ஆம் ஆண்டு ஆஸ்திரிய நாட்டின் கிராஸ் நகரப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். வேறு பல ஆராய்ச்சிகளில் அவர் ஈடுபட்டார். பழைய வினாவோ அவர் நினைவின் அடியில் உறங்கிக் கிடந்தது.

கனவு தந்த வழி

பதினேழு ஆண்டுகளுக்குப்பின், உறங்கிய வினா உறக்கத்திலேயே விழித்தெழுந்தது. ஈஸ்டர் பண்டிகைக்கு முன்னாள் இரவு. ஆண்டு 1920 என்று லோவி பிற்காலத்தில் குறித்துள்ளார். அன்றிரவு அவர் திடீரெனக் கண் விழித்து, விளக்கை ஏற்றி, ஒரு மெல்லிய துண்டுத் தாளில் சில குறிப்புகளை எழுதி வைத்துவிட்டு மீண்டும் உறங்கினார். காலை ஆறு மணிக்கு எழுந்தபொழுது, இரவில் மிக முக்கியமான ஒன்றை எழுதியது அவர் நினைவுக்கு வந்தது. ஆவலுடன் தாளை எடுத்துப் பார்த்தார். எழுத்து கிறுக்கலாக இருந்தது; ஒன்றும் விளங்கவில்லை. அதன் பொருளை நினைவுகூர நாள் முழுதும் முயன்றும் பயனில்லை.

மறுநாள் இரவு மூன்று மணிக்கு அதே எண்ணம் மீண்டும் கனவில் தோன்றியது. இம்முறை லோவி தாளையும் எழுதுகோலையும் நம்பவில்லை. உடனே எழுந்து ஆய்வுக்கூடத்திற்கு விரைந்தார்.

அவர் செய்த சோதனை மிக எளியது. இரண்டு தவளைகளின் இதயங்களைப் பிரித்தெடுத்தார். முதல் இதயத்தில் நரம்பை விட்டுவைத்தார். இரண்டாவதில் நரம்பை நீக்கிவிட்டார். இரண்டிலும் சிறிது உப்புக் கரைசலை நிரப்பினார். அக்கரைசலில் இதயங்கள் உடலை விட்டு நீங்கிய பின்னும் துடித்துக்கொண்டிருந்தன. பின்னர், முதல் இதயத்தின் வேகஸ் நரம்பைச் சில நிமிடங்கள் மின்சாரத்தால் தூண்டினார். அவ்விதயத்தின் துடிப்புத் தளர்ந்தது. அதிலிருந்த கரைசலை எடுத்து, நரம்பே இல்லாத இரண்டாம் இதயத்தில் இட்டார். என்ன வியப்பு! அதற்குரிய நரம்பையே தூண்டியதுபோல, இரண்டாம் இதயமும் மெதுவாகத் துடித்தது. அடுத்து, இதயத்தை முடுக்கும் நரம்பைத் தூண்டி, அக்கரைசலையும் அவ்வாறே மாற்றி இட்டார். இரண்டாம் இதயம் விரைந்து துடித்தது.

இரண்டு இதயங்களுக்கும் இடையே நரம்பு இல்லை, கம்பியும் இல்லை. சென்றது ஒரு துளி நீரே. ஆகவே, நரம்பின் செய்தி அந்நீரில் கரைந்த ஒரு பொருளாகவே சென்றிருத்தல் வேண்டும். பதினேழு ஆண்டுகள் காத்திருந்த வினாவுக்கு விடை கிடைத்துவிட்டது.

பகற்பொழுதில் அமர்ந்து ஆராய்ந்திருந்தால் இச்சோதனையைத் தாம் செய்தேயிருக்கமாட்டார் என்று லோவி பின்னாளில் கருதினார். நரம்பு முனையில் ஏதேனும் சுரந்தாலும், அது உறுப்பை இயக்கும் அளவுக்கு மட்டுமே சுரக்கும். எஞ்சி வழிந்து கரைசலில் கலக்கும் அளவுக்குச் சுரக்காது என்றே அறிவு தடை சொல்லியிருக்கும். உறங்கும் மூளையோ அத்தடையைப் பொருட்படுத்தவில்லை. ஆயினும், ஒன்றை மறத்தலாகாது. பல்லாண்டு உழைப்பும், தவளை இதயத்தைக் கையாண்ட பழக்கமும், மாறாத வினாவும் இல்லாதவர்க்கு இத்தகைய கனவு தோன்றியிராது.

ஐயமும் வெற்றியும்

1921-ஆம் ஆண்டு லோவி தம் முடிவை வெளியிட்டார். உலகம் அதனை உடனே ஏற்கவில்லை. வேறு சிலர் இதே சோதனையைச் செய்து பார்த்தபொழுது முரணான பயன்கள் கிடைத்தன. தவளையின் வேகஸ் நரம்பில் அடக்கும் இழைகளும் முடுக்கும் இழைகளும் கலந்திருக்கின்றன. தவளையின் இனம், பருவகாலம், வெப்பநிலை ஆகியவற்றுக்கேற்பப் பயன் மாறுபடுகின்றது. இவை அந்நாளில் தெளிவாக விளங்காமையால், லோவியின் கூற்றே பிழை என்று பலர் ஐயுற்றனர். 1926-ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் நகரில் உலக உடலியல் அறிஞர் மாநாடு கூடியது. அங்கே, அறிஞர்கள் சூழ்ந்து நிற்க, லோவி ஒரே இதயத்தில் பதினெட்டு முறை இச்சோதனையைச் செய்து காட்டினார். ஒருமுறையும் அது பிழைக்கவில்லை.

வேகஸ் நரம்பு விடுக்கும் பொருள் யாது என்பதே அடுத்த வினா. அது அசெட்டைல்கோலின் என்னும் பொருளே என்பதற்கு வேண்டிய சான்றுகளை லோவியும் அவருடன் உழைத்தோரும் திரட்டினர். அப்பொருளின் இயல்புகளை நண்பர் டேல் 1914-ஆம் ஆண்டிலேயே ஆராய்ந்து வைத்திருந்தார். மேலும், அது சுரந்த சிறிது நேரத்திலேயே ஒரு நொதியால் அழிக்கப்படுகின்றது என்பதையும் லோவி கண்டார். தூதுவன் செய்தியைச் சொன்னவுடன் மறைந்துவிடுகின்றான். அதனாலேயே அடுத்த செய்திக்கு இடம் உண்டாகின்றது. ஒருவகை அவரையிலிருந்து எடுக்கப்படும் எசரின் என்னும் மருந்து, அந்நொதியின் செயலைத் தடுக்கின்றது என்பதையும் அவர் விளக்கினார். தசைகள் வலுவிழந்து சோரும் கொடிய நோயொன்றுக்கு இம்மருந்து பயன்படும் என்பதை மேரி வாக்கர் என்னும் பெண் மருத்துவர் 1934-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் காட்டினார். நோயாளிகள் மாள்வதைக் கண்டு மனம் நொந்து மருத்துவமனையை விட்டு நீங்கியவரின் துறை, இவ்வாறு நோயாளிகளுக்கே மருந்தாக வந்து சேர்ந்தது.

1936-ஆம் ஆண்டு மருத்துவத்திற்குரிய நோபெல் பரிசு லோவிக்கும் டேலுக்கும் சேர்த்து வழங்கப்பட்டது. இளமையில் கூடிய நண்பர் இருவரும் ஒரே மேடையில் பரிசு பெற்றனர்.

சிறையும் நாடு துறத்தலும்

புகழின் உச்சியில் நின்ற லோவியைப் பேரிடர் ஒன்று எதிர்நோக்கியிருந்தது. 1938-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் ஹிட்லரின் ஆட்சி ஆஸ்திரிய நாட்டைக் கைப்பற்றியது. அன்றிரவே, படைக்கலம் ஏந்திய இளைஞர்கள் லோவியின் படுக்கையறைக்குள் புகுந்து அவரைச் சிறைக்கு இழுத்துச் சென்றனர். அவருடைய இளைய மைந்தர் இருவரும் சிறைப்பட்டனர். அவர் செய்த குற்றம் யாது? யூதராகப் பிறந்தது ஒன்றே.

அப்பொழுது அவருக்கு வயது 64. எந்த நேரத்திலும் தாம் கொல்லப்படலாம் என்று அவர் எண்ணினார். அந்நிலையிலும் ஒரு கவலையே அவரை வாட்டியது. அண்மையில் செய்து முடித்த ஓர் ஆராய்ச்சியின் முடிவை அவர் இன்னும் வெளியிடவில்லை. தம்முடன் அதுவும் அழிந்துவிடுமோ என்று அஞ்சினார். ஓர் அஞ்சலட்டையும் எழுதுகோலும் தருமாறு காவலரிடம் வேண்டினார். அவை கிடைத்ததும், ஆராய்ச்சியின் முடிவைச் சுருக்கமாக எழுதி, ஒரு விஞ்ஞான இதழுக்கு அனுப்பினார். அதன்பின்னரே அவர் நெஞ்சம் அமைதியுற்றது.

சில திங்களுக்குப்பின் அவர் விடுதலை பெற்றார். ஆனால், நாட்டை விட்டு வெளியேறுவதற்கு விலை ஒன்று கேட்கப்பட்டது. ஸ்டாக்ஹோம் வங்கியில் இருந்த நோபெல் பரிசுத் தொகையைத் தம் ஆட்சிக்குட்பட்ட வங்கிக்கு மாற்றித் தருமாறு ஆட்சியாளர் வற்புறுத்தினர். வேறு வழியின்றி லோவி அவ்வாறே செய்தார். மனைவியாரும் அப்பொழுது உடன் செல்ல இயலவில்லை. 1938-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், கிட்டத்தட்ட முப்பது ஆண்டுகள் பணியாற்றிய நாட்டை விட்டு வெறுங்கையராய் அவர் புறப்பட்டார்.

இங்கிலாந்து, பெல்ஜியம் ஆகிய நாடுகளில் சிறிது காலம் தங்கி, 1940-ஆம் ஆண்டு அமெரிக்காவை அடைந்தார். நியூயார்க் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரி அவருக்கு ஆராய்ச்சிப் பேராசிரியர் பதவி அளித்தது. 1941-ஆம் ஆண்டு மனைவியாரும் அவருடன் வந்து சேர்ந்தார். அறுபத்தேழாம் வயதில், புதிய நாட்டில், புதிய மொழிச் சூழலில் லோவி மீண்டும் வாழ்க்கையைத் தொடங்கினார். இழந்தவற்றை எண்ணி ஏங்காமல், இளம் மாணவர்களுடன் உரையாடுவதில் இன்பம் கண்டார். 1946-ஆம் ஆண்டு அந்நாட்டுக் குடிமகனானார். 1961-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 25-ஆம் நாள், தமது 88-ஆம் வயதில் நியூயார்க் நகரில் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

தூதுவரும் உடற்கடிகாரமும்

லோவி இதயத்தில் கண்ட உண்மை, பின்னர் மூளையின் கதவுகளையும் திறந்தது. மூளையிலும் நரம்பணுக்கள் பெரும்பாலும் இரசாயனத் தூதுவர்களைக் கொண்டே உரையாடுகின்றன என்பது தெளிவாயிற்று. உடலின் கடிகாரம் எங்குள்ளது என்பது 1972-ஆம் ஆண்டு, எலிகளில் செய்த சோதனைகளால் புலப்பட்டது. இரு கண்களின் பார்வை நரம்புகளும் மூளையின் அடியில் ஒன்றையொன்று சந்திக்கும் இடத்திற்குச் சற்று மேலே, ஏறத்தாழ 20,000 நரம்பணுக்கள் இரு சிறு தொகுதிகளாக அமைந்துள்ளன. அவையே உடலின் தலைமைக் கடிகாரம்.

அதன் செயல் முழுவதும் தூதுவர்களாலேயே நடைபெறுகின்றது. காலை ஒளி கண்ணில் படும்பொழுது, விழித்திரையிலிருந்து வரும் நரம்புகள் குளூட்டமேட் என்னும் பொருளைக் கடிகாரத்தில் சுரந்து, பகல் வந்ததை உணர்த்துகின்றன. ஊர்க் கடிகாரத்தை நாள்தோறும் சரி செய்வதுபோல, கதிரவனின் ஒளி உடற்கடிகாரத்தை இவ்வாறு சரி செய்கின்றது. இருள் வந்ததும், கடிகாரத்தின் ஆணை ஒரு நீண்ட வழியே செல்கின்றது. அது மூளையிலிருந்து முதுகுத் தண்டுக்கு இறங்கி, கழுத்திலுள்ள ஒரு நரம்பு முடிச்சை அடைந்து, அங்கிருந்து மீண்டும் தலைக்குள் ஏறிக் கூம்புச் சுரப்பியைச் சேர்கின்றது. கழுத்து முடிச்சில் செய்தியைக் கையளிப்பது, லோவி கண்ட அசெட்டைல்கோலினே. சுரப்பியின் வாயிலில் அதனைக் கையளிப்பது நார் அட்ரினலின். தவளையின் இதயத்தை விரைவுபடுத்திய தூதுவனுக்கு நெருங்கிய உறவினன் அது. அவ்வாணையைப் பெற்ற சுரப்பி, மெலட்டோனின் என்னும் பொருளை இரத்தத்தில் கலந்து, இரவு வந்துவிட்டதென்று உடல் முழுவதற்கும் அறிவிக்கின்றது. மெலட்டோனினை லெர்னர் என்னும் அறிஞர் அமெரிக்காவில் 1958-ஆம் ஆண்டு பிரித்தெடுத்து உலகிற்கு அறிவித்தார். இரவில் நெடுநேரம் ஒளிமிக்க விளக்கின்முன் அமர்ந்திருப்போர்க்கு இப்பொருள் குறைந்து, உறக்கம் தள்ளிப்போகின்றது.

மற்றொரு வியப்பும் உண்டு. மனிதன் விழித்திருக்கும்பொழுதும், கனவு மிகுந்த உறக்கத்தில் ஆழ்ந்திருக்கும்பொழுதும் மூளையில் அசெட்டைல்கோலின் மிகுதியாகச் சுரக்கின்றது. கனவு மிகுந்த அவ்வுறக்கமோ இரவின் பிற்பகுதியில்தான் நீண்டு வருகின்றது. லோவியின் கனவு விடியலுக்கு முந்திய மூன்று மணிக்குத் திரும்பி வந்தது. அவர் தேடிய பொருளே, அவர் உறங்கும் வேளையில் அவர் மூளையில் உழைத்துக்கொண்டிருந்தது போலும்!

தமக்கு எளிதில் வாராத துறையில் புகுந்து, பதினேழு ஆண்டுகள் ஒரு வினாவை மறவாமல் சுமந்து, விடை கிடைத்தபின் உலகம் ஐயுற்றபொழுதும் கலங்காமல் மெய்ப்பித்தவர் லோவி. பரிசும் வீடும் நாடும் பறிபோயின. ஆயினும், சிறையில் எழுதிய ஓர் அஞ்சலட்டையில் அவர் காக்க விரும்பியது தம் உயிரையன்று. தாம் கண்ட உண்மையையே. பொருளைப் பறிக்க வல்லவர்களால் அதனைப் பறிக்க இயலவில்லை. உறங்கி எழும் ஒவ்வொருவரின் உடலிலும், நாள் தவறாமல் அவ்வுண்மை இயங்கிக்கொண்டேயிருக்கின்றது.